மேடையின் உழைப்பும் திரையின் நினைவும்: ருக்மணி தேவியின் கலைவாழ்வு பற்றிய ஒரு மறுமதிப்பீடு

ஈழத்து மேடைக் கலைஞர்களைப் பற்றித் தமிழில் இதுவரை எழுதப்பட்டனவற்றை நோக்குவோமாயின், அவற்றுட் பெரும்பாலானவை பாராட்டுரைகளாகவோ இரங்கலுரைகளாகவோ அமைந்திருத்தலைக் காணலாம். கலைஞர் உயிரோடிருக்கும்போது பொன்னாடை, மறைந்தபின் அனுதாபக் குறிப்பு என்ற இவ்விரண்டுக்கும் இடையே விமர்சனம் என்ற ஒன்று நிகழவேண்டும் என்பதை நாம் வசதியாக மறந்துவிட்டோம். ஆடியும் பாடியும் நடித்தும் வாழ்ந்த பெண் கலைஞர்களைப் பொறுத்தவரை இம்மறதி மேலும் ஆழமானது. அவர்களது குரலினிமை பேசப்படும், அழகு பேசப்படும், இறுதிக்காலத் துயரம் பேசப்படும். அவர்கள் செய்தது ஒரு தொழில் என்பதும், அத்தொழிலுக்கு வேலைநேரமும் கூலியும் முதலாளியும் உண்டு என்பதும் பேசப்படுவதில்லை.

இக்குறைபாட்டை ஒரு தனிக் கலைஞரின் வாழ்வை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அக்கலைஞர் ருக்மணி தேவி. 1923ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி நுவரெலியா மாவட்டத்தின் ரம்பொடையில் டேசி ராசம்மா டானியல்ஸ் என்ற பெயரோடு பிறந்தவர். முதற் சிங்களப் பேசும்படத்தின் கதாநாயகி. நாடகமேடை, இசைத்தட்டு, வானொலி, சினிமா, கார்னிவல் மேடை என்னும் ஐந்து களங்களிலும் உழைத்தவர். 1978ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் திகதி, மாத்தறையில் ஒரு கார்னிவல் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு திரும்பும் வழியில், ஜாஎல துடெல்லவில் நிகழ்ந்த வாகன விபத்தில் உயிர்நீத்தவர்.

இவரைப் பற்றி இரு தீர்ப்புகள் ஏற்கெனவே தயாராக உள்ளன. சிங்கள இரசிகருலகம் இவரை இலங்கையின் இசைக்குயிலாகக் கொண்டாடுகின்றது. தமிழ் எழுத்துலகமோ, எப்போதாவது நினைவுவரும்போது, "இவர் நம்மவர்" என்று உரிமை பாராட்டி அத்தோடு அமைந்துவிடுகின்றது. முன்னது அவரைப் பறவையாக்கிவிட்டது. பின்னது அவரைச் சொந்தக்காரராக்கிவிட்டது. இரண்டிலும் அவரது உழைப்பு காணாமற் போய்விட்டது என்பதே நமது வாதம்.

மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டு வரலாறு 2023ஆம் ஆண்டு பரவலாக நினைவுகூரப்பட்டது. அத்தகைய ஒரு காலப்பகுதியில், மலையக மண்ணிற் பிறந்து மலையகத்துக்கு வெளியே புகழ்பெற்ற ஒருவரைப் பட்டியலொன்றிற் சேர்த்துப் பெருமைப்படுவது எளிது. பட்டியல் ஆராய்ச்சியாகாது. ருக்மணி தேவி தோட்டத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்தவரல்லர், கொழும்புச் செட்டிச் சமூகத்தைச் சார்ந்த கிறித்தவக் குடும்பத்தின் மகள், கொழும்பில் வளர்ந்தவர், சிங்கள மொழியிற் பாடியும் நடித்தும் வாழ்ந்தவர். ஆகவே லயத்து வாழ்வின் நேரடிக் குரலாக அவரைக் காட்ட முற்படுவது வரலாற்றுக்கு இழைக்கும் பிழையாகும். அவ்வாறாயின் மஸ்கெலியாவிலிருந்து எழுதும் நாம் அவரைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்ற வினா எழும். அவரது வாழ்வு எழுப்பும் வினாக்கள் மலையகப் பெண்களின் மேடை வாழ்வுக்கும் உரியவை என்பதே விடை. அவ்விடையை நிறுவுவதற்கு, முதலில் மலையகத்து அரங்கில் பெண் பெற்ற இடத்தை நோக்குதல் வேண்டும்.

I

மலையகத்தின் மரபுவழி அரங்குகளுட் தலையாயது காமன் கூத்து. மாசி, பங்குனி மாதங்களில் மஸ்கெலியா, ஹட்டன், பொகவந்தலாவை முதலிய பகுதிகளின் தோட்டங்களில் தப்பொலியோடு நிகழும் இக்கூத்தில் மன்மதன் எரிவதும் ரதி புலம்புவதுமே கதைக்கரு. ஒரு பெண்ணின் துயரமே இக்கூத்தின் உச்சம். ஆயினும் ரதியாக வேடந்தாங்குவது மரபில் ஆண்மகனே. அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றிலும் நிலைமை இதுவே. பெண் அரங்கின் பொருளாக இருக்கின்றாள். அரங்கின் உடைமையாளராக இல்லை.

இதனால் மலையகப் பெண் பாடவில்லை, ஆடவில்லை என்பது பொருளன்று. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் அவளுடையவையே. சி. வி. வேலுப்பிள்ளை 1983ஆம் ஆண்டு வெளியிட்ட மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்ற தொகுப்பே இதற்குச் சான்று. ஆனால் அவளது பாட்டு வீட்டுக்கும் மலைக்கும் சாவீட்டுக்கும் உரியதாகக் கருதப்பட்டது. கூட்டத்தின் முன்னே மேடையேறி நிற்கும் உரிமை அவளுக்கு இருக்கவில்லை. கொழுந்து பறிப்பதற்கு அவளது உடல் பொதுவெளியில் நாள்முழுதும் நிற்கலாம். கலைக்காக அதே உடல் பொதுவெளியில் ஒரு மணிநேரம் நிற்பது ஒழுக்கக்கேடாயிற்று. உழைப்புக்கு இடையூறாகாத ஒழுக்கம் கலைக்கு மட்டும் இடையூறாகின்றதென்றால், அவ்வொழுக்கத்தின் வர்க்கத் தன்மையை நாம் ஐயுறவேண்டியுள்ளது.

இத்தடையை உடைத்த முன்னோடியாக மீனாட்சியம்மாளைக் குறிப்பிடலாம். தோட்டத் தொழிலாளர் இயக்கத்தை முன்னெடுத்த கோ. நடேசையரின் துணைவியாரான இவர், 1930களிலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் தொழிலாளர் கூட்டங்களிற் பாடல்களைப் பாடி மக்களைத் திரட்டியவர். அதே 1930களிலேதான் ருக்மணி தேவியும் சிறுமியாக மேடையேறுகின்றார். ஒருவர் இயக்க மேடையில் நின்றார். மற்றவர் நுழைவுச்சீட்டு மேடையில் நின்றார். ஒருவரது பாட்டுக்கு நோக்கம் இருந்தது. மற்றவரது பாட்டுக்கு விலை இருந்தது. முன்னதைப் போற்றுவதற்காகப் பின்னதை இகழ்வது முற்போக்காளர் பலருக்கு எளிதாகத் தோன்றக்கூடும். விலைக்குப் பாடுபவரும் தொழிலாளியே என்பதை ஏற்றுக்கொள்ளாத முற்போக்குவாதம் அரைகுறையானது என்பது நமது கருத்து.

II

ருக்மணி தேவி நுழைந்த சிங்கள மேடை இந்தியத் துணைக்கண்டத்தோடு நெருங்கிய உறவுடையது. 1877ஆம் ஆண்டளவில் பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் நூர்த்தி என்ற இசைநாடக வடிவம் இங்கு தோன்றிற்று. சி. தொன் பஸ்தியானும் அவருக்குப் பின் ஜோன் த சில்வாவும் அதனை வளர்த்தனர். 1911ஆம் ஆண்டு மருதானையில் திறக்கப்பட்ட டவர் மண்டபம் அதன் நிலைக்களமாயிற்று. தொடக்கத்தில் இங்கும் ஆண்களே பெண் வேடம் ஏற்றனர். பின்னர் அனி பொத்தேஜு, லக்ஷ்மி பாய் முதலிய நடிகையர் புகழ்பெற்றனர். அக்காலத்துத் தமிழ் இசைநாடகமும் பாக்கு நீரிணையைக் கடந்து வந்துபோய்க் கொண்டிருந்தது. கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் 1920களில் இலங்கை மேடையிலேதான் சந்தித்தனர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

பன்னிரண்டு வயதளவில் இராமாயண நாடகமொன்றிற் சீதையாகத் தோன்றிய ருக்மணி தேவி, 1930களின் இறுதியில் எச். டபிள்யூ. ரூபசிங்கவோடு இணைந்து புத்தகயா பற்றிய பௌத்த பக்திப் பாடலொன்றை இசைத்தட்டிற் பாடினார். கிறித்தவக் குடும்பத்திற் பிறந்த பெண், இந்துக் காப்பிய நாயகியின் பெயரைத் தாங்கி, பௌத்த யாத்திரைப் பாடலைச் சிங்களத்திற் பாடுகின்றாள். நாடெங்கும் மக்கள் அதனை ஏற்றுக்கொள்கின்றனர். இதனை இன ஒற்றுமையின் சின்னமாகக் காட்டிப் பேசுவோர் உளர். அவ்வாறு சொல்வது பாதி உண்மையே. சந்தை அவரது குரலை ஏற்றது. அதற்கு ஈடாக டேசி ராசம்மா என்ற பெயர் மேடையிலிருந்து மறைந்தது. பெயர்மாற்றம் மேடைக்கலையில் இயல்பானதுதான். ஆயினும் எந்தப் பெயர் மறைகின்றது, எந்தப் பெயர் நிலைக்கின்றது என்பது தற்செயலாக நிகழ்வதன்று.

பின்னர் பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவில் ருக்மணி தேவி முதன்மை நடிகையானார். ஜயமான்னவின் தம்பியும் நகைச்சுவை நடிகருமான எடி ஜயமான்னவை மணந்தார். மினர்வா நாடகங்கள் நூர்த்தியின் அரசவைக் கதைகளைக் கைவிட்டு, கீழ் நடுத்தர வர்க்கக் குடும்பத்தின் காதல், வஞ்சனை, தியாகம் ஆகியவற்றைப் பொருளாகக் கொண்டன. பாட்டும் நகைச்சுவையும் இடைக்காட்சிகளும் கலந்த அவற்றின் அமைப்பு, மேனாட்டார் ரெவியூ என்று வழங்கும் பல்சுவை மேடைக்கு நெருக்கமானது. கதையின் ஒருமையைவிட, ஒவ்வொரு கணத்திலும் பார்வையாளரை ஈர்த்துவைக்கும் நடிகையின் ஆற்றலிலேயே அது தங்கியிருந்தது.

அவ்வாற்றலை விமர்சன நோக்கிற் சற்று வரையறுத்தல் தகும். ஒலிபெருக்கி பரவலாவதற்கு முந்திய மேடையிற் பயின்ற குரல் அவருடையது. கடைசி வரிசைவரை சொல் சிதையாது செல்லவேண்டும் என்ற தேவையே அக்குரலின் அழகியலை உருவாக்கியது. உச்சரிப்பின் தெளிவு, அடியின் ஈற்றை நீட்டி நிறுத்தும் முறை, உணர்ச்சியை இராக நுணுக்கத்தால் அன்றிச் சொல்லழுத்தத்தாற் புலப்படுத்தல் ஆகியன அதன் இயல்புகள். பாடுபவளும் நடிப்பவளும் ஒருத்தியே என்ற ஒருமை இதன் அடிப்படை. பின்னணிப் பாடல் முறை வேரூன்றியபின் இவ்வொருமை குலைந்தது. ஒருத்தியின் உடலும் மற்றொருத்தியின் குரலும் திரையில் இணைக்கப்பட்டன. தமிழில் சுந்தராம்பாளுக்கும் சிங்களத்தில் ருக்மணி தேவிக்கும் பின்னர் இவ்வகைக் கலைஞர் அருகினமைக்குத் திறமையின்மை காரணமன்று. திரைப்பட உற்பத்தி முறையின் வேலைப் பிரிவினையே காரணம்.

III

1947ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் திகதி 'கடவுணு பொறொந்துவ' திரையிடப்பட்டது. சிங்கள சினிமாவின் தொடக்கமாகக் கொள்ளப்படும் இப்படம் ஒரு மினர்வா நாடகத்தின் திரைவடிவம். தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படமாக்கப்பட்ட இடம் மதுரை. இயக்கியவர் ஜோதிஷ் சிங் என்ற வங்காளி. கதாநாயகி ரம்பொடையிற் பிறந்த ருக்மணி தேவி. சிங்களத் தேசிய சினிமாவின் பிறப்புச் சான்றிதழில் இத்தனை அயற்பெயர்கள் இருத்தல் பலருக்கு வியப்பளிக்கலாம். மூலதனமும் தொழில்நுட்பமும் மொழியெல்லையை அறியா என்பதை உணர்ந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.

ஆனால் அடுத்த ஆண்டு நிகழ்ந்ததை இதனோடு ஒப்புநோக்கவேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. கலைஞரும் படச்சுருளும் கொழும்புக்கும் மதுரைக்கும் சென்னைக்கும் இடையே போய்வந்த அதே கடற்பாதையில் வந்தவர்களின் வழித்தோன்றல்கள், தாம் பிறந்த மண்ணில் அந்நியராக்கப்பட்டனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பிரித்து இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. தென்னிந்தியாவிற் படமாக்கிய திரைப்படம் தேசியச் சொத்தாயிற்று. தென்னிந்தியாவிலிருந்து வந்தோரின் பேரப்பிள்ளைகள் தேசியச் சுமையாயினர். ருக்மணி தேவி இச்சட்டத்தின் இலக்காக இருந்தவரல்லர். எனினும் அவரது புகழ் உச்சம்பெற்ற ஆண்டுகளும் மலையக மக்களின் உரிமை பறிபோன ஆண்டுகளும் ஒன்றாயிருத்தலை, அவரை "நம்மவர்" என்று கொண்டாடுவோர் எண்ணிப்பார்ப்பதில்லை. இந்நாட்டில் தமிழ் அடையாளமுள்ள ஒருவர் எவ்வெவ் நிபந்தனைகளின்கீழ் எல்லோருக்கும் உரியவராக ஏற்கப்படுகின்றார் என்ற வினாவை அவ்விரு நிகழ்வுகளும் சேர்ந்தே எழுப்புகின்றன.

IV

இனி, இக்கலைஞர்பால் விமர்சனம் காட்டிய மௌனத்தை ஆராய்வோம்.

1956ஆம் ஆண்டு சிங்களக் கலைவரலாற்றின் திருப்புமுனை. அவ்வாண்டில் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' மேடையேறிற்று. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேக்காவ' திரைக்கு வந்தது. ஒன்று நாடகத்தை நாடகம மரபோடு இணைத்தது. மற்றொன்று சினிமாவைத் தென்னிந்தியப் படப்பிடிப்பு அரங்குகளிலிருந்து வெளியே, கிராமத்து வெயிலுக்குக் கொண்டுவந்தது. தமிழிலும் இதற்கிணையான முயற்சியைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மேற்கொண்டார். 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' ஆகிய கூத்து ஆக்கங்கள் 1960களின் முற்பகுதியில் பல்கலைக்கழக மேடையைப் புதுக்கின. இவற்றின் சிறப்பை மறுப்பார் எவருமிலர். நாமும் அம்மரபின் பயனை நுகர்ந்தவர்களே.

எனினும் இவ்வெழுச்சிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. கிராமியக் கூத்து தூயதாகவும், புதிய நாடகம் உயர்ந்ததாகவும் கொள்ளப்பட்டபோது, இரண்டுக்கும் இடைப்பட்ட நகர்ப்புறச் சனரஞ்சக மேடை கொச்சையானதாக ஒதுக்கப்பட்டது. மினர்வா நாடகமும், இசைநாடகமும், கார்னிவல் மேடையும், சினிமாப் பாட்டுக்கு ஆடும் நடனமும் ஆராய்ச்சிக்குரியன அல்ல என்ற முடிவு எழுதப்படாமலே ஏற்கப்பட்டது. பெண் கலைஞர் தொழில்முறையாக உழைத்த இடங்கள் பெரும்பாலும் இவையே. எனவே வடிவத்தை ஒதுக்கிய விமர்சனம், தான் அறியாமலே, அவ்வடிவத்திற் பிழைத்த பெண்களையும் ஒதுக்கியது. கூத்தின் ஆண் அண்ணாவியார் ஆய்வேடுகளில் இடம்பெற்றார். கார்னிவல் மேடையின் நடிகை சுவரொட்டியோடு முடிந்துபோனாள்.

இதனை எடுத்துரைப்பது அந்நாடகங்களையும் படங்களையும் சிறந்தவையென நிறுவுவதற்காக அன்று. மினர்வா மரபின் படைப்புகளிற் பெரும்பாலானவை பெண்ணின் பொறுமையையே அவளது பெருமையாகக் காட்டுகின்றன. வறுமை அங்கு விதியாகத் தோன்றுகின்றது, சுரண்டலாகத் தோன்றுவதில்லை. வில்லன் திருந்தினாலோ இறந்தாலோ சிக்கல் தீர்ந்துவிடுகின்றது. சமூக அமைப்பு அசைவதில்லை. இக்குறைகளைச் சுட்டுவது விமர்சனத்தின் கடமை. ஆனால் பொறுமையின் வடிவமாக எழுதப்பட்ட பாத்திரத்தை, தனது குரலின் வலிமையினால் பார்வையாளரின் நெஞ்சில் முறையீடாக மாற்றிய நடிகையின் பங்களிப்பு கதாசிரியனின் குறையோடு சேர்த்துக் கழிக்கப்படலாகாது. பிரதியின் கருத்தியலும் நிகழ்த்துவோரின் ஆற்றலும் எப்போதும் ஒன்றாயிருப்பதில்லை. பிரதியை மட்டுமே வாசிக்கப் பழகிய நமது பல்கலைக்கழக விமர்சனம் இவ்வேறுபாட்டைக் காணத் தவறியுள்ளது.

V

திரையின் சுவை மாறியபின் ருக்மணி தேவி போன்றோரின் நிலை என்னவாயிற்று? இளம் நாயகியர் வந்தனர். புதிய பாணி வந்தது. அவர் குணசித்திர வேடங்களுக்கும் இசை மேடைகளுக்கும் நகர்ந்தார். ஊரூராகச் செல்லும் கார்னிவல்களில், இராட்டினங்களுக்கும் கடைகளுக்கும் நடுவே அமைந்த மேடையில், பழைய பாடல்களை மீண்டும் மீண்டும் பாடுவது அவரது தொழிலின் பகுதியாயிற்று. ஐம்பத்தைந்து வயதில் அவரது உயிரைப் பறித்த பயணமும் அத்தகையதொரு இரவுத் தொழிலின் முடிவிலேயே நிகழ்ந்தது. செய்தி எழுதியோர் இதனை விதியின் விளையாட்டு என்றனர். நாம் இதனைப் பணிவழி மரணம் என்று கூறுவோம்.

தோட்டத்து வழக்கில் ஒரு நாட் சம்பளத்தைப் 'பேர்' என்பர். குறித்த நிறைக்குக் கொழுந்து பறியாவிடின் அரைப்பேர். மேலதிகக் கொழுந்துக்குக் கைக்காசு. மேடைக் கலைஞருக்கு முழுப்பேரும் இல்லை. அவரது வாழ்வு முழுதும் கைக்காசிலேயே கழிகின்றது. ஆடினால் அன்றைய பணம்; நோயுற்றால் ஒன்றுமில்லை. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தோட்டத் தொழிலாளிக்கு, அவளது வாழ்வு எத்துணை இழிநிலையில் வைக்கப்பட்டிருந்தபோதிலும், சட்டப்படி ஒரு தொழில்தருநரை அடையாளங்காட்டிற்று. இரவுக்கு இரவு வேறொருவரிடம் பாடுபவருக்குத் தொழில்தருநர் யார்? அவரது ஓய்வுக்குப் பொறுப்பு யார்? கலைவாழ்வு என்ற அழகிய சொல் இவ்வினாக்களை மூடிமறைக்கின்றது.

இது இந்நாட்டுக்கு மட்டும் உரிய நிலைமையன்று. ரெவியூ மேடையின் தலைநகரெனத்தக்க பாரிசில் அம்மேடையின் பெருங்கலைஞராக விளங்கிய ஜோசஃபின் பேக்கரின் வாழ்வு இதற்கு நல்ல ஒப்புமை. 1906ஆம் ஆண்டு அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில் வறிய கறுப்பினக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், 1925ஆம் ஆண்டு பாரிசு சென்று ஆடத் தொடங்கினார். அமெரிக்க நகரத்துப் பெண்ணான அவரை, ஐரோப்பியப் பார்வையாளரின் காலனித்துவக் கற்பனைக்கேற்ப ஆபிரிக்கக் காட்டுவாசியாக வாழைப்பழ ஆடையில் 1926ஆம் ஆண்டு மேடையேற்றினர். அவர் அவ்வேடத்தை நகைப்பாக்கி, தன்னைப் பார்ப்போரையே பார்க்கும் கலையாக மாற்றினார். உலகப் போரின்போது பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தில் பணியாற்றினார். 1963ஆம் ஆண்டு வாஷிங்டன் பேரணியில் உரையாற்றினார். கடனால் தம் மாளிகையை இழந்த அவர் முதுமையிலும் மேடையேறினார். 1975ஆம் ஆண்டு ஏப்பிரல் 8ஆம் திகதி, தமது ஐம்பதாண்டு மேடைவாழ்வைக் குறிக்கும் ரெவியூவைத் தொடக்கிவைத்து, நான்கு நாட்களில் அறுபத்தெட்டு வயதில் இறந்தார். 2021ஆம் ஆண்டு பிரான்சு அவரைப் பந்தியோனில் வைத்துப் போற்றியது.

இருவரும் ஒரே நிலையினர் என்பதன்று நமது கருத்து. பேக்கர் தம் புகழை அரசியலாக்கியவர். ருக்மணி தேவிக்கு அத்தகைய பொதுவாழ்வு அமையவில்லை. ஆனால் இருவரிடமும் பொதுவான ஓர் உண்மை உண்டு. உலகம் தம்மைப் பார்க்க விரும்பிய வேடத்தில் நுழைந்து, அவ்வேடத்தினூடே தம் ஆற்றலை நிறுவி, இறுதிவரை மேடையில் உழைத்தவர்கள் இருவரும். பேக்கரின் வேடத்தை வரலாற்றாசிரியர் காலனித்துவத்தோடும் இனவாதத்தோடும் கூலியோடும் பொருத்தி ஆராய்ந்துள்ளனர். நமது கலைஞரை அவ்வாறு ஆராயும் பணி இன்னும் தொடங்கவில்லை.

VI

ருக்மணி தேவி மறைந்து ஆறு மாதங்கள் நிறைவதற்குள், 1979ஆம் ஆண்டு ஏப்பிரல் 13ஆம் திகதி, இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கிற்று. 1982ஆம் ஆண்டு ரூபவாஹினி வந்தது. அவர் உயிரோடு தோன்ற வாய்ப்பில்லாத அவ்வூடகத்தில் அவரது பாடல்களும் பழைய படங்களும் நினைவுகளாக உலாவந்தன. உழைத்தவர் இல்லை, உழைப்பின் விளைபொருள் மட்டும் தொடர்ந்து பயன்தருகின்றது. ஊடகத் தொழிலின் அடிப்படை உறவை இதனிலும் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டு அரிது.

தொலைக்காட்சி ஒரு புதுவகைக் கலைஞரையும் உருவாக்கியது. மேடைக் கலைஞர் தம் திறமையால் அறியப்படுவார்; தொலைக்காட்சியாளர் தம் இருப்பாலேயே அறியப்படுவார். நமது சூழலில் இம்மாற்றத்தைக் காண்பதற்குக் கமலினி செல்வராஜனின் வாழ்வு துணைபுரியும். வானொலியிலும் மேடையிலும் பங்காற்றி, 1976ஆம் ஆண்டு வெளிவந்த 'கோமாளிகள்' திரைப்படத்தில் நடித்து, பின்னர் ரூபவாஹினியில் தமிழ் நிகழ்ச்சிகளிலும் சிங்கள நிகழ்ச்சிகளிலும் தோன்றிப் புகழ்பெற்ற அவர் 2015ஆம் ஆண்டு காலமானார். ருக்மணி தேவி தமிழ்ப் பெயரை மேடைக்கு வெளியே விட்டுச்சென்று சிங்கள இரசிகரை அடைந்தார். கமலினி தமிழ்ப் பெயரோடும் தமிழ்த் தோற்றத்தோடும் அவர்கள் முன் அமர்ந்தார். இடையிற் கடந்த ஒரு தலைமுறையில் நிகழ்ந்த இம்மாற்றத்தைச் சிறு முன்னேற்றமென்றே நாம் மதிப்போம். எனினும் அவர் காலமானபோதும் நமக்குக் கிடைத்தவை இரங்கலுரைகளே.

இன்று மஸ்கெலியாத் தோட்டங்களின் லயங்களிலும் செய்மதித் தொலைக்காட்சி உண்டு. 2007ஆம் ஆண்டு தமிழகத்தின் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய 'மானாட மயிலாட' போன்ற நடனப் போட்டிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், பாடசாலை விழாவிலும் கோயில் திருவிழாவிலும் அந்நடனங்களை ஆடுகின்றனர். கூத்து அழிகின்றதே என்று வருந்துவோர், ரதி வேடத்தை ஒருபோதும் பெறாத பெண்பிள்ளைக்கு இத்திரை நடனமே முதல் மேடையாக அமைந்திருத்தலைக் கவனிப்பதில்லை. அந்நடனம் சந்தையின் பொருள் என்பதில் ஐயமில்லை. அதன் உடையும் அசைவும் ஆணின் பார்வைக்காக அமைக்கப்பட்டவை என்பதும் உண்மை. ஆயினும் மேடையேறும் துணிவை அப்பிள்ளைக்குக் கூத்து வழங்கவில்லை, நாமும் வழங்கவில்லை. பதினான்கு வயதுவரை கைதட்டி, பதினைந்தாம் வயதில் "ஆடியது போதும்" என்று நிறுத்தும் அதே சமூகம், அதே வயதில் அவளைக் கொழும்பு வீடொன்றுக்கு வேலைக்கு அனுப்புவதற்குத் தயங்காத நிலையை நாம் அறிவோம்.

VII

மேற்கூறியவற்றால் நாம் அடையும் முடிபுகள் சில. முதலாவது, ருக்மணி தேவியின் கலைவாழ்வை இனப் பெருமையாகவோ தனிமனிதத் துயரமாகவோ சுருக்காமல், மாறிவந்த ஊடக உற்பத்தி முறைகளினூடே ஓர் உழைப்பாளியின் வாழ்வாக மதிப்பிடல் வேண்டும். இரண்டாவது, சனரஞ்சக மேடையை ஆய்வின் எல்லைக்குள் கொணராதவரை, ஈழத்து அரங்க வரலாறு ஆண்களின் வரலாறாகவே எஞ்சும். மூன்றாவது, சிங்கள, தமிழ் அரங்குகளைத் தனித்தனியே எழுதும் வழக்கம் நூர்த்தியையும் இசைநாடகத்தையும் தொடக்ககாலச் சினிமாவையும் விளக்கப் போதாது. மதுரைக்கும் கொழும்புக்கும் இடையே நிகழ்ந்த கொடுக்கல் வாங்கலை இரு மொழிச் சான்றுகளையும் கொண்டே எழுதுதல் சாலும்.

மலையக ஆய்வாளருக்கு இதனின்று எழும் பணி தெளிவானது. தோட்டத் திருவிழா மேடைகளிலும் தொழிற்சங்கக் கலைவிழாக்களிலும் பாடசாலை நாடகங்களிலும் ஆடியும் பாடியும் நடித்தும், திருமணத்தின் பின் மேடையை விட்டு மலைக்குச் சென்ற பெண்கள் நம்மிடையே இன்றும் உளர். யார் கற்பித்தார், யார் தடுத்தார், எத்தனை ரூபா கொடுத்தனர், எப்போது ஏன் நிறுத்தினர் என்று அவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்யவேண்டும். 1969ஆம் ஆண்டு மவுசாக்கலை நீர்த்தேக்கம் பழைய மஸ்கெலியா நகரை மூழ்கடித்தது; வரட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது பழைய கோயிற் கட்டடங்கள் தலைகாட்டுவதைப் பார்க்க மக்கள் திரள்கின்றனர். கல்லுக்குக் காட்டும் இவ்வார்வத்தை, உயிரோடிருக்கும் நினைவுக்கும் காட்டுதல் தகும். நீர் வற்றினாற் கட்டடம் வெளிப்படும். முதியவர் ஒருவர் மறைந்தபின் அவரது வரலாறு வெளிப்படப்போவதில்லை.

பாடுபவளைக் குயிலென்று அழைப்பதை நிறுத்தி, அவளது கூலி எவ்வளவு என்று கேட்கத் தொடங்கும்போதே மேடைக்கலை பற்றிய நமது விமர்சனம் தன் வேலையைத் தொடங்கியதாகும்.